ஸால்காவின் குரலுக்கு வைத்த மெட்டு

சந்தையில் ஓர் ஆட்டுக்குட்டியின் விலைக்குக் கிடைக்கிற சீனக் கிட்டார் அது. வாங்கி வந்த அன்றே ஹமாதி அதன் கழுத்தில் குறுக்கே பதித்திருந்த மெட்டுக் கம்பிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டான். வெள்ளைக்காரன் கணக்குக்கு வைத்த கம்பிகள். பாலைவன நகரமான நுவாக்சோத்தில் பாடுகிறவர்களின் சுரமோ அந்தக் கம்பிகளுக்கு நடுவில் எங்கேயோ இருக்கிறது. அதை அந்தக் கிட்டாரில் பிடிப்பது குதிரைக்கொம்புதான்.

ஹமாதி கொல்லன். ஊரில் பாடகர் வீட்டுக் கிட்டார்களுக்கெல்லாம் பதினோரு வருஷமாக மெட்டு மாற்றுகிறவன் அவன்தான். இந்தத் தடவை அளவுகோலைத் தொடவில்லை. பாடகி ஸால்காவின் பழைய பதிவைப் போனில் ஓடவிட்டான். அவள் குரல் எங்கே போய் நிற்கிறதோ அங்கே மரத்தை அறுத்துப் பித்தளைத் துண்டு பதித்து அரம் போட்டான். சில இடங்களில் இரண்டு மெட்டுக்கு நடுவே சுண்டுவிரல் நுனிதான் நுழையும்.

"யாருக்கு இது?" என்றாள் மனைவி ஆமினெத்து, தேநீரை உயரத் தூக்கி ஊற்றியபடி.

"எனக்குத்தான்."

"வாசிக்கிறது பாடகர் குலம். நீங்க போய் உக்காந்தா சுத்தியல் எங்கேன்னு கேப்பாங்க."

"ஒரே ஒரு தடவை. ஸால்கா பின்னால உக்காந்து வாசிக்கணும். இது ஹமாதி வாசிச்சதுன்னு நாலு பேர் சொல்லணும். அப்புறம் சுத்தியலே போதும்."

இதைப் பேராசை என்று யாராவது சொன்னால் அவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

வாய்ப்பு தானாக வந்தது. அரஃபாத் பேட்டைப் பக்கம் ஒரு கல்யாணம். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து கூடாரம் நிரம்பிவிட்டது, புளித்த பால் கிண்ணம் கைமாறிக்கொண்டிருக்கிறது, கிட்டார் வாசிக்கிற யெஸ்லெமைக் காணோம். அவன் ஸால்காவின் தம்பி மகன். ஊருக்கு வெளியே கார் மணலில் புதைந்துவிட்டதாம். ஒலிபெருக்கியைச் சரிபார்க்க வந்திருந்த ஹமாதியை ஸால்கா மேலும் கீழும் பார்த்தாள்.

"தோள்ல என்னப்பா?"

"கிட்டார்ம்மா. உங்க குரலுக்குன்னு மெட்டு வச்சது."

"அவன் வர்ற வரைக்கும் உக்காரு."

முதல் பண்ணின் பெயர் கர். இரண்டு வரி பாடியதும் ஸால்கா திரும்பிப் பார்த்தாள். அவள் எந்தச் சுரத்தில் இறங்கினாலும் அங்கே கிட்டார் காத்துக்கொண்டிருந்தது. யெஸ்லெமோடு பாடும்போது குரலைக் கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி அனுசரித்துப் பழகியிருந்தவள், அன்றைக்கு அனுசரிக்கவே இல்லை. கூடாரத்தில் இருந்தவர்கள் போனைத் தூக்கிப் பதிவு செய்தார்கள். பெண்கள் முக்காட்டு நுனியைச் சுழற்றினார்கள். ஹமாதிக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்க்கவில்லை.

இரண்டாவது பண் ஃபாகு. வீரமும் குலப்பெருமையும் அதில்தான் பாட வேண்டும். ஐந்து பண்ணையும் வரிசையாகத்தான் பாடுவார்கள். ஒன்றைத் தாண்டிவிட்டால் அந்தக் கச்சேரியில் அதற்குத் திரும்பக் கூடாது. எப்போது தாண்டுவது என்பது பாடகியின் கையில். மடியில் வைத்து மீட்டும் யாழின் தோலில் இரண்டு முறை தட்டுவாள், கிட்டார் அடுத்த பண்ணுக்குப் போகும். ஸால்கா இரண்டு முறை தட்டினாள். ஹமாதி அடுத்ததான காதல் பண்ணுக்குப் போனான்.

மணப்பெண்ணின் பெரியப்பா எழுந்து நின்றார்.

"எங்க தாத்தா பேர் வரவே இல்லையே. அதுக்குள்ள ஃபாகுவைத் தாண்டிட்டீங்களா?"

இனி அந்தப் பெயரை அன்றைக்குப் பாட முடியாது. கொள்ளுப்பேத்தி கல்யாணத்தில் கொள்ளுத்தாத்தாவின் புகழ் விட்டுப்போவது சின்ன அவமானமா? ஸால்காவின் கை யாழின் தோல்மேல் அப்படியே இருந்தது.

"நான் தட்டலையே," என்றாள். "யெஸ்லெம் வரலைன்னு இவனை உக்கார வச்சேன். கொல்லன். பழக்கமில்லை, அவசரப்பட்டுட்டான்."

"பட்டறைன்னு நினைச்சுட்டான் போல," என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

ரெண்டு தட்டு தட்டினீங்களேம்மா என்று நாக்கு நுனிவரை வந்தது. ஸால்கா அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை, கெஞ்சல் இருந்தது. அறுபது வயதாகிறது, குலப்பெயரை மறக்கிற பாடகியை அப்புறம் எந்தக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள்? அந்த இரக்கம் ஒரு பங்கு. கொல்லன் சாட்சியை அந்த ஊரில் எவனும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பது மூன்று பங்கு. ஹமாதி வாயை மூடிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து யெஸ்லெம் கால்சட்டையெல்லாம் மணலோடு உள்ளே வந்தான்.

"அந்தக் கிட்டாரையே அவன்கிட்ட குடுப்பா," என்றாள் ஸால்கா.

கொடுத்தான். மிச்சக் கச்சேரியை யெஸ்லெம் அதில் வாசித்து முடித்தான். கிட்டார் திரும்பி வரவில்லை. கேட்டபோது, "நல்லாத்தான் இருக்கு, இங்கேயே இருக்கட்டும். உனக்கு வேற பண்ணத் தெரியாதா?" என்றான்.

இரண்டு வாரம் கழித்து, ஹமாதி போன் கடைகள் இருக்கும் சந்தைக்குச் சார்ஜர் வாங்கப் போனான். எல்லாக் கடையிலும் ஒரே பாட்டு. அவன் நின்றுவிட்டான். தன் விரல் அவனுக்குத் தெரியாதா? வண்டிக்காரர் ஒருவர் கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாருப்பா வாசிக்கிறது?" என்று கேட்டான்.

"ஸால்காவோட தம்பி மகன் யெஸ்லெம்ண்ணே. வேற யாருக்கு இப்படி வரும்? ஊரே இதைத்தான் போன்ல ஏத்திக்கிட்டுப் போகுது." கடைக்காரன் பாட்டைக் கொஞ்சம் தள்ளிவிட்டான். "இந்த இடத்துல மட்டும் பண் மாறிச் சொதப்பும், கேளுங்க. அது யெஸ்லெம் இல்ல. எவனோ ஒரு கொல்லன் நடுவுல புகுந்துட்டானாம்."

வண்டிக்காரர் சிரித்தார். யாழின் தோலில் இரண்டு தட்டுச் சத்தம் பதிவில் தெளிவாகவே கேட்டது. கடைக்காரன் காதிலும் விழுந்திருக்கும், வண்டிக்காரர் காதிலும் விழுந்திருக்கும்.

ஹமாதி தன் போனை நீட்டினான். "எனக்கும் ஏத்திக் குடு."

"யெஸ்லெம்னே பேர் போட்டிருக்கேன்ண்ணே. சரிதானே?"

"சரிதான்," என்றான்.