ஐஸைக் கழித்த கணக்கு

தொண்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் இருந்த சுஐபுவின் கம்ப்யூட்டர் சென்டரில், அன்று லீமாரோஸ் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புதுத் தமிழ் டைப்பிங் பேக்கேஜைப் போட ஆரம்பித்த நீலப் பட்டை முக்கால் தூரத்தில் நின்றுவிட்டது. கீழே, ஹார்ட் டிஸ்கில் இடமில்லை என்று ஒரு சின்னப் பெட்டி.

“இடம் இருக்குன்னு நேத்துச் சொன்னியேம்மா?” என்றார் சுஐபு.

“இருக்கு பாய். நூத்தி இருபது எம்.பி. மிச்சமே வரும்.”

“அப்ப மெஷினா பொய் சொல்லுது?”

அவர் போனை எடுத்து, கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் பரமக்குடி வீரபத்திரனை வரச் சொன்னார். லீமாரோஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வீரபத்திரன் கை வைத்தால் ஐந்து மெஷின்களின் பொறுப்பும் அவனோடு போய்விடும். அவள் காலமெல்லாம் பத்திரம் டைப் அடிக்க வேண்டியதுதான். ஒரு வருஷமாகப் புத்தகம் பார்த்து, பயந்து பயந்து மெஷின் மூடியைக் கழற்றிப் பழகியவள்.

“அவரு வாரதுக்குள்ள நான் போட்டுட்டா?”

“போட்டுட்டா டீ வாங்கிக் குடுத்து அனுப்பிருவோம். மூணு மணி பஸ்ஸுக்கு வாரான், பாத்துக்க.”

டைப்பிங் வகுப்புக்குச் சீக்கிரமே வந்துவிட்ட மாணவி நாகலெட்சுமி, பேக்கேஜோடு வந்த தாளை எடுத்து வாசித்தாள். “போட்ட பிறகு முந்நூத்திப் பத்து எம்.பி. போடும்போது தற்காலிகமா இன்னொரு எரநூறு... ஏங்க்கா, இந்த எரநூற ஏன் அடிச்சு வச்சிருக்கீங்க?”

லீமாரோஸ் அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்தாள். அவளே போட்டதுதான். இங்கே வருவதற்கு முன் திருப்பாலைக்குடி எறால் ஷெட்டில் மூன்று வருஷம் எடை எழுதினாள். பெட்டி எடையில் ஐஸைக் கழித்துத்தான் எழுதுவார்கள்; கரைந்து போவதற்கு யார் கணக்கு வைப்பார்? ‘தற்காலிகம்’ என்றதும் கை தானாக அடித்துவிட்டிருக்கிறது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எறாலுக்கு மட்டும் இடம் பாத்திருக்கேன்டி. ஐஸு கரையிற வரைக்கும் அதுக்கும் பெட்டியில இடம் வேணும்ல!”

சி.டி.யில் இறுக்கிக் கட்டி வைத்திருப்பதை முதலில் ஓரிடத்தில் பிரித்துப் போட்டு, அப்புறம்தான் அதனதன் இடத்தில் வைக்கும் மெஷின். ஆக ஐநூற்றுப் பத்து வேண்டும். டிஸ்கின் முதல் பகுதியான சி டிரைவில் காலியாக இருந்ததோ நானூற்று முப்பது. அங்கே அழிப்பதற்கும் ஒன்றுமில்லை. கல்யாணப் பத்திரிகைகள் அடைந்து கிடந்த மறு பகுதி டி டிரைவில் இருநூற்றைம்பது காலி. பேக்கேஜ் அதில் கொள்ளாது.

“ஐஸு கொள்ளும்டி,” என்றாள் லீமாரோஸ்.

அரைகுறையாக ஏறியதை அழித்தாள். பிரித்துப் போடும் இடத்தை டி டிரைவுக்கு மாற்றிவிட்டு, மறுபடி ஆரம்பித்தாள். பட்டை முக்கால் தூரம் வந்து கொஞ்சம் தயங்கியது. நாகலெட்சுமி அவள் தோளைக் கிள்ளினாள். பட்டை நகர்ந்தது, தாண்டியது, நிறைந்தது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீரபத்திரன் மூச்சு வாங்கப் படியேறி வந்தான். திரையில் தமிழ் எழுத்துகள் வரிசையாக நின்றன.

“எதை அழிச்சீங்க?” என்றான்.

“ஒண்ணையும் அழிக்கலண்ணே.”

அவன் குனிந்து பார்த்தான். மவுஸைத் தொடவில்லை.

“இங்கன உனக்கு வேலையில்லப்பா,” என்றார் சுஐபு. “டீ குடிச்சுட்டுப் போ. ஏம்மா லீமா, நாளையிலருந்து பத்திரத்த நாகலெட்சுமி அடிக்கட்டும். பாக்கி நாலு மெஷினையும் நீயே...”

லீமாரோஸ் அதற்குள் நாற்காலியை அடுத்த மெஷினுக்கு முன்னால் இழுத்துப் போட்டிருந்தாள்.