கை பழகும் இடம்

"டம்ளரையே ஒழுங்காப் பிடிக்கத் தெரியல, இவ ஊசி பிடிக்கப் போறாளாம்!"

அண்ணன் இதைச் சொன்னபோது தேநீரில் பாதி அவளுடைய வெள்ளைச் சீருடையில் கொட்டியிருந்தது. அம்மா ஈரத்துணியோடு ஓடிவந்தாள். அண்ணன் விடுவதாயில்லை.

"போன வருஷம் ஒரு தடவை கோட்டை விட்டாச்சு. இந்தத் தடவையும் ஊத்திக்கிச்சுன்னா படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். மாப்பிள்ளை பார்த்துடறேன், கழுத்த நீட்டிட்டுப் போய்ச் சேரு."

அவள் சீருடையை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். நர்ஸ் படிப்பின் கடைசி வருடம். டிரிப்ஸ் ஏற்றுவதற்கு நரம்பில் ஊசி போட்டுப் பத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒன்பது கிடைத்துவிட்டது. பத்தாவதை இன்று மதியத்துக்குள் வாங்காவிட்டால் வருடம் போச்சு.

வகுப்பில் அவளுக்கு 'நடுக்கம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். பயிற்சிக்கு வைத்திருக்கும் ரப்பர் கையில் குத்தச் சொன்னால் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஊசியின் எதிரே ஒரு முகம் இருந்துவிட்டால்தான் விரல்கள் உதறும்.

இந்த நோய்க்கு அந்த ஆஸ்பத்திரி ஒரு மருந்து வைத்திருந்தது. கீழ்த்தளத்து இலவச வார்டு. பயிற்சி கொடுக்கும் மேடம் முதல் நாளே சொல்லிவிட்டாள்: "கை பழகற வரைக்கும் இங்க குத்துங்க. மாடியில காசு கட்டிப் படுத்திருக்கறவங்க ரெண்டாவது குத்துக்கே புகார் எழுதிடுவாங்க. இங்க யாரும் எழுத மாட்டாங்க." சமையல் குறிப்பு சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். நல்ல மனுஷிதான், மாணவிகளுக்குப் பிறந்தநாள் வந்தால் மறக்காமல் வாழ்த்துவாள்.

பயிற்சி நோட்டில் சரியாக இறங்கிய ஊசிக்கு மட்டும்தான் கட்டம் உண்டு. அந்த ஒன்பது கையெழுத்துக்குப் பின்னால் எத்தனை தப்புக் குத்து என்பது குத்து வாங்கியவர்களுக்குத்தான் தெரியும்.

நாலாம் கட்டிலில் மூட்டை தூக்குகிற ஒருவர் காய்ச்சலோடு கிடந்தார். நேற்று அவருடைய இடது கையில் மூன்று மாணவிகள் மாறிமாறிக் குத்தியிருந்தார்கள். கை நீலம் பாரித்து வீங்கியிருந்தது. அவள் தட்டோடு வருவதைப் பார்த்ததும் அவரே வலது கையை நீட்டினார்.

"என் நரம்பு கெட்ட நரம்பும்மா. ஒளிஞ்சுக்குது. நீ ஒண்ணும் நெனச்சுக்காத."

குத்து வாங்கியவர் மன்னிப்புக் கேட்கிறார்! அவள் ஊசியைத் தட்டில் வைத்தாள்.

"ஐயா, நான் படிக்கிற பொண்ணு. கை பழகத்தான் உங்களுக்குக் குத்தறோம். வேணாம்னா சொல்லலாம். பெரிய சிஸ்டர் வந்து ஒரே தடவையில போட்டுடுவாங்க."

அவர் விழித்தார். "வேணாம்னு சொல்லலாமா?"

"சொல்லலாம் ஐயா."

கை சட்டென்று போர்வைக்குள் போனது. "அப்ப வேணாம்மா."

"எனக்கும் வேணாம்" என்றது அடுத்த கட்டில். அதற்கடுத்த கட்டிலும். வார்டில் ஒரு சிரிப்பு ஓடியது. அந்த வார்டில் சிரிப்புக் கேட்டு எத்தனை நாளாயிற்றோ! அந்தச் சத்தத்துக்கே மேடம் வந்துவிட்டாள்.

விஷயத்தைக் கேட்டவள் கத்தவில்லை. வார்டைப் பார்த்து மெல்லத்தான் சொன்னாள்: "யாருக்கெல்லாம் வேணாம்? சொல்லுங்க. இப்பவே வீட்டுக்கு அனுப்பச் சொல்றேன். இந்தக் கட்டிலுக்கு வெளியில அம்பது பேர் காத்துக்கிடக்காங்க."

போர்வைகளுக்குள்ளிருந்து கைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நாலாம் கட்டிலின் கையும் வந்தது. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"குத்தறதுன்னா பேசாமக் குத்தியிருக்கலாமே. எதுக்கும்மா கேட்ட?"

மேடம் கடிகாரத்தைப் பார்த்தாள். "போடறியா, இல்ல அடுத்த வருஷம் வர்றியா?"

அவள் ஊசியை எடுத்தாள். இந்த முறை முகத்தைப் பார்க்கவில்லை. நரம்பை மட்டும் பார்த்தாள். விரல் நடுங்கவில்லை. அதுதான் கொடுமை. ஒரே குத்தில் ஊசி நரம்பில் இறங்கியது.

"பார்த்தியா? பயமெல்லாம் போயிடுச்சு!" மேடத்துக்கு உண்மையிலேயே சந்தோஷம். நோட்டை வாங்கிப் பத்தாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். "நாளையிலேருந்து நீ மாடிக்கு வந்துடு."

மேடம் போகும்வரை காத்திருந்துவிட்டு அவர் மெல்லக் கேட்டார். "அம்மா, கட்டில் எனக்குத்தானே? எடுத்துட மாட்டாங்களே?"

"உங்களுக்குத்தான் ஐயா."

வீங்கின கையையும் ஊசி ஏறிய கையையும் மெல்லச் சேர்த்து, அவர் அவளைக் கும்பிட்டார்.