குணரத்தினத்தின் மெயில் பெட்டி

சண்டையால் ஊரடங்கு போட்டிருக்கிறது என்று கப்பலுக்குத் தெரியுமா? அது தன்பாட்டில் துறைமுகத்துக்கு வந்து நிற்கும். அதனால்தான் கப்பல் முகவர் அலுவலகத்து முதலாளி, வீட்டிலிருந்தே மின்னஞ்சல் பார்க்கிற புதிய மென்பொருளைப் போடச் சொன்னார். குப்பை அஞ்சல்களையும் அதுவே பிடித்து ஒதுக்கிவிடுமாம்.

போட வந்தவன் கிண்ணியா ஊர்க்காரன் ஜவாஹிர். "எங்க இருந்தும் திறக்கலாம் அக்கா. பாஸ்வேர்ட் இருந்தால் காணும்."

அந்த அலுவலகத்தில் வேலை செய்யும் கமலேஸ்வரி அவன் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டாள். "வெளிநாட்டிலயிருந்தும் ஏலுமோ தம்பி?"

"ஓம்."

அவளுடைய கணவன் குணரத்தினமும் இதே அலுவலகத்தில்தான் வேலை செய்தான். போன வருடம் கட்டைபறிச்சான் கிராமத்துக்குத் தமக்கையைப் பார்க்கப் போனவன், சண்டை தொடங்கிய பிறகு திரும்பவில்லை. உடலும் இல்லை, தகவலும் இல்லை. எப்படியோ வெளிநாட்டுக்குத் தப்பியிருப்பான் என்றுதான் அவள் நம்பினாள். அவனுடைய மெயில் பெட்டியை அழிக்கப்போன முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடித்தான் அதைக் காப்பாற்றி வைத்திருந்தாள். அனுப்பியதை மற்றவர் திறந்தால் தனக்குத் தெரியவரும்படி செய்யும் வழியையும் ஜவாஹிரிடம் கேட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அவனுக்கு ஒரே வரிதான் அனுப்பினாள். "எங்க இருந்தாலும் ஒரு சொல் எழுதுங்கோ." பதில் வராது. மனம் கேட்காது. அடுத்த நாளும் அனுப்புவாள்.

ஒருநாள் வந்து பார்த்தால், அத்தனையும் வாசிக்கப்பட்டிருந்தன. அழுதுகொண்டே லிங்கநகர் வீட்டிலிருந்த மாமியாருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"மாமி, உங்கட மகன் இருக்கிறார். நான் எழுதினதெல்லாத்தையும் வாசிச்சிருக்கிறார்."

மறுமுனையில் மாமி "முருகா, முருகா" என்று கதறினார்.

கொஞ்ச நேரத்தில் ஜவாஹிர் வந்தான். "அக்கா, நேற்றுப் பின்னேரம் வீட்டிலயிருந்து எல்லாம் சரியோ எண்டு பார்த்தனான். ஆரும் பாவிக்காத பெட்டிதானே எண்டு குணரத்தினத்தின்ர பெட்டிக்குள்ள போனனான். உங்கட மெயில் முழுக்க குப்பைக்குள்ள கிடந்தது. ஒவ்வொரு நாளும் ஒரே வரி, அதுதான் மெஷின் குப்பையெண்டு நினைச்சிட்டுது. நான்தான் திறந்து வெளியில எடுத்துவிட்டனான்."

கமலேஸ்வரி திரையைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப, அவர் வந்து பார்த்திருந்தாலும், ஒண்டும் இல்லையெண்டுதானே கண்டிருப்பார்?"

"ஓம் அக்கா. ஆர் அந்தக் குணரத்தினம்?"

அவள் மனதுக்குள் மெஷினைத்தான் திட்டினாள். பாழாய்ப்போன மெஷின்! கண்டதையும் விற்க எழுதுகிறவனுக்கும் கட்டினவனைத் தேடுகிறவளுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை.

பின்னேரம் வீட்டுக்குப் போனாள். மாமி, அலுமாரியில் கிடந்த மகனின் சேர்ட்டுகளையெல்லாம் தோய்த்துக் கொடியில் போட்டிருந்தார். ஒரு வருடமாகச் சிரிக்காத முகம் சிரித்தது.

"பதில் என்ன எழுதினவன், பிள்ளை?"

உண்மையைச் சொல்லத்தான் கமலேஸ்வரி வாயைத் திறந்தாள்.

"வாறன் எண்டு எழுதியிருக்கிறார், மாமி."