பேருந்து நிறுத்தத்துச் சிரிப்பு

உயிர் போன அப்பாவின் விரல்களைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக்கொண்டிருந்தாள் சின்னவள். பழைய பேட்டரிகளை உடைத்த கைகள். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு அசைய மறுத்தது.

“விடுடி. அது போகாது,” என்றாள் அம்மா.

தலைமாட்டில் வைக்கப் படத்தோடு வந்தான் அண்ணன். கம்பெனி விளம்பரத்தில் இருந்த அப்பா. கீழே இருந்த ‘பூமியைக் காப்பவர்’ என்ற வரியை மட்டும் வெட்டியிருந்தான்.

“வேற படமே கிடைக்கலையா?”

“வேற எதுல அவரு சிரிச்சிருக்காரு, சொல்லு.”

அந்தப் படம் ஊரெல்லாம் பேருந்து நிறுத்தங்களில் நின்றது. புத்தம்புதுக் கோட்டைப் போட்டுவிட்டு, கழுத்தில் முகமூடியைத் தொங்கவிட்டு எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் இரண்டையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். “மாப்பிள்ளை வேஷம் கலைஞ்சிடுச்சு” என்று அன்றைக்கு அப்பா வீட்டில் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க வெகுநேரம் பிடித்தது. அதற்குப் பிறகு அவர் இளைத்துக்கொண்டே போனார். படம் மட்டும் அப்படியே இருந்தது. வேலைக்குப் போகும்போது சின்னவள் அதற்கு முதுகைக் காட்டித்தான் பேருந்துக்குக் காத்திருப்பாள்.

கம்பெனி மேலாளர் மலர்வளையத்தோடு வந்தாள். நல்ல பெண்தான், கண் கலங்கியிருந்தது.

“அந்தப் படத்தையெல்லாம் இன்னிக்கே எடுக்கச் சொல்லிட்டேம்மா. இறந்தவங்க படத்தை நாங்க வைக்கிறதில்ல.”

“எதனால இறந்தாருன்னு சொல்லுவீங்களா?” என்றாள் சின்னவள்.

மேலாளர் அண்ணனைப் பார்த்தாள். அவனுக்கும் அப்பா பேட்டரி உடைத்த அதே கொட்டகையில்தான் வேலை. அவன் தரையைப் பார்த்தான்.

“வெளியில இருந்து வந்து சோதிச்சவங்க, காத்துல ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாங்க,” என்றாள் மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

அம்மா தலை நிமிர்ந்தாள். “படத்தை எடுக்காதீங்க. அங்கயாவது அவரு மூச்சு முட்டாம நிக்கட்டும்.”

மேலாளர் மலர்வளையத்தைக் காலடியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

அடக்கம் முடிந்து, வெளியூரிலிருந்து வந்திருந்த அத்தையைப் பேருந்து ஏற்றிவிட அண்ணனும் தங்கையும் போனார்கள். நிறுத்தத்தில் ஒருவன் ஏணிமேல் நின்று படத்தை உரித்துக்கொண்டிருந்தான். நெற்றி போயிற்று. கண் போயிற்று. சின்னவள் அத்தையின் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்பாவுக்கு அடியில் இன்னொரு பழைய படம் இருந்தது. ஒரு பெண். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“யாருண்ணா இது?”

“எனக்கு முன்னாடி என் இடத்துல வேலை பார்த்தவங்க. இருமி இருமியே போயிட்டாங்க.”

பேருந்து வந்தது. அத்தை ஏறிக்கொண்டாள். அண்ணன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஏணியிலிருந்து இறங்கியவன், வாளியில் பசை கலக்க ஆரம்பித்தான்.