பூஜ்யம் நம்பர் டிஸ்க்

அத்தான் கம்ப்யூட்டரைக் கடையிலிருந்து அப்படியே தூக்கி வந்தவர் இல்லை. பெட்டி ஒரு கடை, போர்டு ஒரு கடை, மின்விசிறி இன்னொரு கடை என்று அலைந்து வாங்கி வந்து, சாப்பாட்டு மேசையில் பரப்பித் தானே பூட்டினார். லிஃப்ட் மெக்கானிக் அவர். ஸ்க்ரூ முடுக்கத் தெரிந்தவனுக்கு உலகத்தில் எதுவும் பெரிசில்லை என்று நினைப்பு.

அந்தப் பெட்டிக்குள்தான் என் அக்காவின் குரல் இருந்தது. தொண்டையில் வந்த கட்டிக்காக அவள் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய மாதம் முழுக்க மைக் முன்னால் உட்கார்ந்து, வாக்கியம் வாக்கியமாகப் படித்துப் பதிவு செய்தாள். அதன் பிறகு அவள் தட்டச்சு செய்ததை எல்லாம் கம்ப்யூட்டர் அவள் குரலிலேயே பேசியது. கொஞ்சம் சளி பிடித்த மாதிரி இருக்கும், ஆனால் சாட்சாத் அவள்தான். என்னைத் திட்டும்போதுகூட அவளேதான் திட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டில் இருக்கும் மகள் கூப்பிடுவாள். அன்றைக்கு மட்டும் அக்கா வாய் ஓயாது.

உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்றில் சிஸ்டம், மற்றதில் குரல். ஜோடியாக வாங்கியவை என்பதால் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே கறுப்பு.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே அத்தான். பேர் எழுதி ஒட்டி வைங்க," என்று அப்போதே சொன்னேன். நான் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனை லேபில். பெயர் ஒட்டாத குழாய் வந்தால் தொடாமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.

"நான் கட்டினது. எனக்குத் தெரியாதா?"

"வேற எங்கயாவது ஒரு காப்பியாவது எடுத்து வைக்கலாம்ல? இன்டர்நெட்லகூட ஏத்தி வைக்கலாமாம்."

"இவ குரல எவனோ முகம் தெரியாதவன் வீட்ல கொண்டுபோய் வைக்கவா?"

அந்தப் பேச்சில் பாசமும் இருந்தது, வறட்டு வீம்பும் இருந்தது. வீம்பை நான் கண்டித்திருக்க முடியாது. கேட்கிற ஆள் இல்லை.

மகளோடு பேசும் செயலி, பழைய சிஸ்டத்தில் இனி ஓடமாட்டேன் என்று அறிவித்துவிட்டது. சனிக்கிழமை காலையிலேயே அத்தான் சிஸ்டத்தை மேம்படுத்த உட்கார்ந்தார். பாதி தூரம் ஒழுங்காகப் போகும். திடீரென்று தானே அணைந்து எழும். செய்ததை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வரி காட்டிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். அத்தான் பிரிண்டரைக் கழற்றினார், வைரஸ் தடுப்பை நீக்கினார், இடம் காலி செய்து பார்த்தார். அது அதே இடத்தில் சண்டித்தனம் செய்தது. நான் போனபோது மனிதர் அதனுடன் வாய்ச்சண்டையே போட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில், பழையதை அழித்துவிட்டுப் புதிதாகவே போடுவது என்று முடிவு செய்தார். கையோடு பெட்டியைத் திறந்தார். உள்ளே தூசி பஞ்சுமெத்தை போட்டிருந்தது. இரண்டு டிஸ்கையும் கழற்றி வைத்து, ஊதி ஊதி, பிரஷ்ஷால் துடைத்து, திரும்பப் பூட்டினார்.

அந்த நேரம் முழுக்க அக்காவுக்குப் பேச்சு இல்லை. கம்ப்யூட்டர் இல்லாத வேளைக்கு அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. மேசையில் ஒரு தட்டு தட்டினால் ஆமாம். இரண்டு தட்டினால் இங்கே வா.

குனிந்தே கிடந்ததில் அத்தானுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பக்கத்து அறையில் தரையோடு படுத்துவிட்டார். அங்கிருந்தே அக்காவுக்குப் பாடம் நடத்தினார்.

"ரெண்டு டிஸ்க் காட்டும். பூஜ்யம்னு போட்டது சிஸ்டம். ஒண்ணுன்னு போட்டது உன் குரல். பூஜ்யத்த அழிச்சிட்டு அதுல போடு. மத்தபடி கேக்கறதுக்கெல்லாம் சரின்னு குடு."

நான் சமையலறையில் அவர் இடுப்புக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு தட்டு கேட்டது.

"கேக்குதா? சரின்னு குடு," என்றார் அத்தான்.

மறுபடி இரண்டு தட்டு.

"பூஜ்யம்னு சொன்னேன்ல. எந்திரிக்க முடியலம்மா. எத்தன தடவ சொல்றது?"

அதற்குப் பிறகு தட்டு கேட்கவில்லை. சந்தேகம் தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

காலையிலிருந்து முரண்டு பிடித்த சிஸ்டம் இப்போது சமர்த்தாக ஏறி உட்கார்ந்தது. ஒரு சிணுங்கல் இல்லை. அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, "பாத்தியா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பேசும் மென்பொருளைப் போட்டார். குரல் இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி அது கேட்டது. மற்ற டிஸ்கைத் திறந்தார்.

அதில் பழைய சிஸ்டம் அப்படியே இருந்தது. காலையில் கழற்றிய பிரிண்டரின் கோப்புகள்கூட இருந்தன.

அத்தான் கம்ப்யூட்டரை அணைத்துப் பெட்டியைத் திறந்தார். தூசி துடைத்துப் பூட்டியபோது இதன் வயர் அதிலும் அதன் வயர் இதிலும் மாறிப்போயிருந்தது. பூஜ்யம் ஒன்றாகவும் ஒன்று பூஜ்யமாகவும் ஆகியிருந்தன. அக்கா அவர் சொன்னபடியேதான் பூஜ்யத்தை அழித்திருந்தாள்; அதில் இருந்தது அவள் குரல்.

அழிந்ததை மீட்டுத் தருகிற கடைக்காரருக்குப் போன் போட்டார். டிஸ்கின் வகையைக் கேட்டதுமே அவர் குரல் இறங்கிவிட்டது. "பழைய மாதிரி சுத்துற டிஸ்க்னா கொஞ்சமாவது எடுக்கலாம் சார். இது அழிச்ச உடனே உள்ளயே துடைச்சிடும். ஆசை காட்ட விரும்பல."

என் போனில் அவள் குரல் எங்காவது இருக்காதா என்று தேடினேன். நூற்றுக்கணக்கில் போட்டோ. ஒரு கல்யாண வீடியோவில், கூட்டத்தின் இரைச்சலில், அவள் சிரிப்பு மட்டும் ஒரு கணம் கேட்டது. அதுவும் அவளுடையதுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. போனை மூடி வைத்துவிட்டேன்.

அத்தான் கம்ப்யூட்டரை மறுபடி போட்டார். வேறு வழி தெரியாமல், மென்பொருளோடு வந்த குரல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அமுக்கினார். இருபது வயதுப் பெண் யாரோ துள்ளலாக வணக்கம் சொன்னாள். அக்கா எட்டி ஸ்பீக்கரை அணைத்தாள்.

"நாளைக்கு அவ கூப்பிடுவாளே," என்றார் அத்தான். யாரைக் கேட்கிறார் என்று தெரியவில்லை. தரையில் உட்கார்ந்தார். முகம் கோணிக்கொண்டு வந்தது. தன்மேல் வந்த கோபத்தை வைத்துக்கொள்ள இடம் இல்லாமல் அவள் பக்கம் திரும்பினார்.

"அந்த டிஸ்க் நெறஞ்சு இருக்கறது உனக்குத் தெரிஞ்சிருக்கும்ல? சிஸ்டம் அவ்வளவு எடம் பிடிக்காதுன்னு தோணலயா? சந்தேகமா இருந்தா ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடியிலிருந்த கைகளை எடுத்து, மேசையில் நிதானமாக, இரண்டு தட்டு தட்டினாள். கொஞ்சம் பொறுத்து, இன்னும் இரண்டு.

அத்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றார். அவர் வந்த பிறகும் அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.