சாப்பிட வந்த ஆறு

சான் பிலமோன் ஊர் இதுவரை நான்கு தடவை தலாகன் ஆற்றை விட்டு ஓடிப்போயிருக்கிறது. முதல் மூன்று தடவையும் ஆறு பின்னாலேயே வந்துவிட்டது. நகராட்சி வாசலில் மாட்டியிருக்கும் சரித்திரப் பலகையில் இது கிடையாது. அதில் வடக்கே மலை, கிழக்கே கடல், தேங்காயும் நெல்லும் இன்ன அளவு என்று மட்டும் இருக்கும். பலகையை எழுதியவர் மேயரின் மைத்துனர். அவர் இந்த ஊருக்கு வந்ததே பெண் எடுத்த பிறகுதான், அவருக்கு என்ன தெரியும்?

முதல் ஓட்டம் ஸ்பானியர் காலத்தில். அப்போது ஊர் கழிமுகத்தில் இருந்தது. நவம்பர் வந்தால் ஆறு கோயிலுக்குள் புகுந்து புனித பிலமோனின் முழங்காலை நனைக்கும். பொறுத்துப் பார்த்த பாதிரியார் ஊரையே பெயர்த்துக்கொண்டு உள்ளே போகச் சொன்னார். பெயர்ப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. வீடுகள் கட்டைக் கால்களின் மேல் நிற்கிற மூங்கிலும் நீப்பா ஓலையும்தான். அடியில் நாலு மூங்கிலைச் செருகி இருபது பேர் தோள் கொடுத்தால் வீடு எழுந்து நடக்கும். தூக்கியவர்களுக்குக் கூலி கிடையாது, வீட்டுக்காரர் வயிறு நிறையச் சோறு போட வேண்டும், அவ்வளவுதான். அரைநாள் தூரம் நடந்து, வீடுகளை இறக்கி, எல்லாரும் வாழையிலை முன் உட்கார்ந்தார்கள். சமையல் பொறுப்பு இஸ்கோ மகலிந்தால் என்பவருடையது. அவர் முதல் கவளத்தை வாயில் போட்டுக்கொண்டே நிமிர்ந்திருக்கிறார். தூரத்தில் ஆறு மினுமினுத்திருக்கிறது. எங்கள் ஊரில் சாப்பிட உட்கார்ந்தவர் கண்ணில் யார் பட்டாலும், "வாங்க, சாப்பிடலாம்" என்று சொல்லியாக வேண்டும். கூப்பிடப்பட்டவர், "இப்பதான் ஆச்சு" என்று வயிற்றைத் தடவிவிட்டுப் போயாக வேண்டும். இஸ்கோ பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார். ஆற்றை வளர்த்தவர்கள் அதற்கு மறுக்கச் சொல்லித் தரவில்லை. அடுத்த அமாவாசைக்குள் அது எருமைத் தடத்தைப் பிடித்து மேலே ஏறி வந்து, கோயிலுக்குப் பின்னால் சமையல் கொட்டகையை ஒட்டிப் படுத்துக்கொண்டது.

இரண்டாவது ஓட்டம் அமெரிக்கர் காலத்தில். அப்போது வாயைத் திறந்தது இஸ்கோவின் மகள் பிபியானா. அமெரிக்கர்கள் புதிதாகப் போட்ட சாலை வழியாகவே ஆறு வந்தது. நல்ல சாலை, அதற்கு வசதியாகப் போயிற்று. நிலம் அளக்க வந்தவரின் வரைபடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஆறுகள் விழுந்துவிட்டன. ஒன்றை அழித்தார், மறுநாள் மற்றதை அழித்தார், பிறகு தென்னங்கள் குடிக்க ஆரம்பித்தார். மூன்றாவது, ஜப்பான்காரன் யுத்தம் முடிந்த பிறகு. இந்தத் தடவை ஊர் உஷாராக இருந்தது. பிபியானாவின் வாயில் பெரிய ஒட்டரிசி உருண்டையைத் திணித்து, பக்கத்தில் காவலுக்கு இரண்டு பேரை உட்கார வைத்தார்கள். அவளுடைய மகள் ரோசெண்டாவை யாரும் நினைக்கவில்லை. அந்த வாரம்தான் அவளுக்கும் படகோட்டி டோமிங்குக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. புதுப்பெண் கையில் அகப்பையோடு நின்று, சந்தோஷமாக, கணீரென்று கூப்பிட்டாள். ஆறு அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டது.

மற்ற ஊர்களில் வெள்ளம் வாசல் வழியாக வரும், எங்கள் ஊரில் சமையலறை வழியாகத்தான் வரும். வருஷா வருஷம் நவம்பரில், புனிதர் திருவிழாவை ஒட்டி, ஆறு ஏணிப்படி ஏறி, மூங்கில் தரையின் இடுக்குகளில் தலை நீட்டி, சோற்றுப் பானையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இடுப்பளவு உட்கார்ந்துகொள்ளும். வாரக்கணக்கில் எழுந்திருக்காது. நாங்கள் கூரைக் கட்டைகளில் தொற்றிக்கொண்டு அது ஏன் வந்தது என்று மகலிந்தால் குடும்பத்தைத் திட்டித் தீர்ப்போம். ஏன் போகமாட்டேன் என்கிறது என்று ஒருத்தருக்காவது கேட்கத் தோன்றியதா? இல்லை. திட்டுவதில் அவ்வளவு ருசி.

யூதிக்கியோ பால்மெஸ் மேயராக இருந்தபோது ஒரு வெள்ளம் அவர் மனைவியின் பியானோவைக் கொண்டுபோயிற்று. தேவாலயத்தைத் தாண்டும்போது அது அலைக்கு ஒரு ஸ்வரமாக வாசித்துக்கொண்டே போனது. அந்தம்மாள் வாசித்ததைவிட நன்றாக இருந்தது என்று ஊரே சொல்லிற்று, அவர் காதில் விழாமல். மறுவாரமே மேயர் சதுக்கத்தில் கூட்டம் போட்டார். ஊர் நான்காவது தடவையாகக் கிளம்புகிறது, இந்தத் தடவை குன்றின் மேலே என்றார். அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். எல்லாத் தலையும் ரோசெண்டா பக்கம் திரும்பியது. அதற்குள் அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. படகுத்துறையில் சோற்றுக்கடை வைத்திருந்தாள்.

"செண்டா அக்கா, ஒரே ஒரு வார்த்தை. மேல போனப்புறம் ஆத்தைப் பாத்து வாயைத் திறக்க மாட்டேன்னு புனிதர் மேல சத்தியம் பண்ணுங்க. உங்க வீட்டைத்தான் முதல்ல தூக்குறோம்."

"சாப்பிடுற நேரத்துல கண்ணுல ஒருத்தர் பட்டா, கூப்பிடாம எப்படிங்க மேயரே முழுங்குறது? சோறு தொண்டையில எறங்குமா?"

"அது ஆளு இல்லக்கா, ஆறு!"

"ஆளு யாருன்னு பாத்தா கூப்பிடுறோம்? போன தேர்தலப்போ உங்களையும்தான் கூப்பிட்டேன். மூணு தட்டு சாப்பிட்டீங்க."

சதுக்கம் சிரித்தது, மேயர் சிரிக்கவில்லை. அவள் சத்தியம் செய்யவும் இல்லை. செய்துவிட்டு மீறுகிறவர்கள் எங்களில் எத்தனையோ பேர் உண்டு, அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஆகவே அவள் வீட்டுக்கு யாரும் தோள் கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று. டோமிங் வீட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தார். "ரெண்டு பேருக்கும் சேத்து நாலு தோளு. கோழிக்கூட்டைக்கூட நகத்த முடியாது. உன் வாய்க்கு ஒரு கதவு வெச்சிருக்கலாம், கடவுளுக்கு அன்னைக்கு மரம் கெடைக்கல போல," என்று சொல்லிவிட்டு வலையைப் பிரிக்கப் போனார்.

கிளம்பும் நாளில் ரோசெண்டா விடிவதற்குள் எழுந்து பெரிய பானையில் சோறும் பன்றிக்கறி அடோபோவும் சமைத்து வைத்திருந்தாள், இருபது ஆள் சாப்பிடும் அளவுக்கு. கடைசி நிமிஷத்தில் மனசு மாறி வருவார்கள் என்று நினைத்திருப்பாள். வீடுகள் ஒவ்வொன்றாக அவள் படியைத் தாண்டி நடந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் நாற்பது கால். "சாப்பிட்டுப் போங்கப்பா," என்றாள். தூக்கியவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அடோபோவின் வாசனை மட்டும் குன்றின் பாதி வரை கூட வந்தது.

மேலே போனதும் முதல் சட்டம் போட்டார்கள்: வெளியிடத்தில் யாரும் யாரையும் சாப்பிடக் கூப்பிடக் கூடாது. வாய் தவறி ஆற்றின் காதில் விழுந்துவிடுமே. ஆறு வரவில்லை. ஒரு மாதம் கொண்டாடினோம். பிறகு கிணறு வெட்டினோம். வெட்டிய கிணறுகளிலெல்லாம் வெதுவெதுப்பான காற்று வந்தது, ஒன்றில் மட்டும் யாரோ இருமினார்கள். தண்ணீரைக் கீழேயிருந்து சுமந்தோம், மீனைப் பக்கத்து ஊரில் கருவாடாக வாங்கினோம். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆற்றுக்கு அடைத்த வாய் ஒருவருக்கொருவரும் அடைத்துக்கொண்டதுதான் கொடுமை. சாப்பாட்டு நேரத்தில் ஜன்னல்கள் சாத்தப்பட்டன. குழந்தைகள் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு தின்னப் பழகின. யார் வீட்டில் என்ன குழம்பு என்று ஒரு வருஷமாக எனக்கே தெரியவில்லை என்றால், ஊர் எவ்வளவு கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மறு வருஷம் திருவிழா நாளன்று நல்ல மழை. எங்களில் சிலர் விறகு பொறுக்கக் கீழே இறங்கினோம். மழையில் என்ன விறகு என்று கேட்கக் கூடாது. ரோசெண்டா வீட்டுக்கு எதிரே ஒரு மாமரம் உண்டு, எல்லாரும் அதில் ஏறிக்கொண்டோம். ஆறு உள்ளேதான் இருந்தது, நாலு நாளாக. புருஷனும் பெண்டாட்டியும் பெஞ்சின் மேல் காலை மடக்கிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் தனக்கு ஒரு அகப்பை, டோமிங்குக்கு ஒரு அகப்பை, தண்ணீருக்கு ஒரு அகப்பை என்று பரிமாறிக்கொண்டே திட்டினாள்.

"நாலு நாளா உக்காந்திருக்கியே, உனக்குன்னு ஒரு எடம் இல்லையா? பாய் எல்லாம் ஊறிப்போச்சு."

"நீதானே கூப்பிட்டே," என்றார் டோமிங்.

"கூப்பிட்டா, குடித்தனமா பண்றது?"

தண்ணீர் பானைக்குப் பின்னால் கொஞ்சம் ஒதுங்கியது, கூச்சப்பட்ட மாதிரி. சாப்பாடு முடிந்தது. திருவிழாவுக்கென்று அவள் ஊருக்கே சமைத்திருந்தாள். ஊர் மரத்தின் மேல் இருந்தது. மிஞ்சிய கறியையும் சோற்றையும் கை தன்பாட்டில் வாழையிலையில் வைத்து மடித்து நாரால் கட்டியது. விருந்து முடிந்தால் பொட்டலம் கட்டுவது எங்கள் வழக்கம். கையில் பொட்டலம் வராமல் ஒரு விருந்தாளி எழுந்ததாக எங்கள் சரித்திரத்திலேயே இல்லை. கட்டி முடித்த பிறகுதான் கொடுக்க ஆளில்லை என்று அவளுக்கு உறைத்தது.  பிறகு குனிந்து அதைத் தண்ணீர் மேல் வைத்தாள்.

"இந்தா, போய்ச் சாப்பிடு. வழியில வழுக்கும், பாத்துப் போ."

பொட்டலம் ஒரு சுற்றுச் சுற்றியது. ஆறு அசையாமல் நின்றது. அப்புறம் பெஞ்சை விட்டு இறங்கியது, அடுப்பை விட்டு இறங்கியது, முதுகைக் காட்டாமல் ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாகவே இறங்கி, பொட்டலத்தை ஏந்திக்கொண்டு தன் இடத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. எங்கள் தையல்காரர் பெனிங் கிளையிலிருந்து நழுவி விழுந்தார். மற்றவர்களுக்கு விழக்கூடத் தோன்றவில்லை. இத்தனை தலைமுறையாக அந்த ஜீவன் எங்கள் சமையலறைகளில் உட்கார்ந்து பொட்டலத்துக்காகக் காத்திருந்திருக்கிறது! கூப்பிட்டுவிட்டு, வந்த பிறகு வெறும் கையோடு உட்கார வைத்திருந்தோம். அதே அவமரியாதை எங்களுக்கு நடந்திருந்தால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருந்திருக்காது.

ரோசெண்டா ஜன்னலுக்கு வந்தாள். "மரத்துல உக்காந்தா வயிறு நெறையுமா? எறங்கி வாங்க, சாப்பிடலாம்."

ஒரு வருஷமாகக் கேட்காத சொல். பெனிங் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மழை என்றார். ஒருவர்கூட "இப்பதான் ஆச்சு" என்று சொல்லவில்லை.

தரை காய்ந்ததும் ஊர் கீழே இறங்க ஆரம்பித்தது. கடைசியாக மேயரின் வீடு வந்தது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவள் படிக்கட்டுக்குக் கீழே நின்றார்.

"அக்கா, பக்கத்துல கொஞ்சம் எடம் இருக்குமா?"

"எடம் எங்கயும் ஓடிப்போகல மேயரே. ஓடிப்போனது நீங்கதான். மொதல்ல சாப்பிடுங்க."

அவர் படியில் கால் வைக்கவில்லை. தூக்கியவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் ரோசெண்டா வீட்டுக்கு அடியில் மூங்கில்களைச் செருகினார்கள். ஒரு ஆள் குறைந்தது. மேயரே தோள் கொடுத்தார். அவளையும் அடுப்பையும் உள்ளே வைத்தபடியே வீட்டைத் தூக்கி, சதுக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பக் கொண்டுவந்து அதே குழிகளில் அதே கால்களை நட்டார்கள். பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார்கள். டோமிங், "போன வருஷமே இதைப் பண்ணியிருந்தா எனக்கு அவ்வளவு அடோபோவைத் தனியா தின்ன வேண்டி வந்திருக்காது," என்றார்.

இப்போது நவம்பரில் ஆறு வரும். மூன்றாம் படிக்கு மேல் ஏறாது. வீட்டுக்கு ஒரு பொட்டலம், "பாத்துப் போ" என்று ஒரு வார்த்தை, அன்று மாலையே போய்விடும். இலை கிடைக்காத வருஷம் சிலர் பாத்திரத்தில் வைத்துக் கொடுத்தார்கள். இரண்டு நாளில் பாத்திரங்கள் கழுவிப் படியில் வைக்கப்பட்டிருந்தன. எங்கள் வழக்கப்படி காலியாக இல்லை, ஒவ்வொன்றிலும் ஒரு கை இறால் துள்ளிக்கொண்டிருந்தது. மேயர் மனைவி மணிலாவில் வாங்கிய பிளாஸ்டிக் டப்பாவில் கொடுத்தார். அதுவும் இறாலோடு திரும்பி வந்தது, மூடி மட்டும் வரவில்லை. அந்தம்மாள் இன்றைக்கும் துறைக்குப் போகும்போதெல்லாம் தண்ணீரைப் பார்த்து மூடியைக் கேட்கிறார். ஆறு கேட்காத மாதிரி போகிறது. அக்கம்பக்கத்தில் யார்தான் மூடியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்?