மூத்தவளுக்கு முடி முளைத்த வருடம்

மூத்தவளுக்கு முடி முளைத்தது 1908ஆம் ஆண்டு ஆனி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில். அன்றைக்கு ஊசிப்பாறைத் தோட்டத்தில் மழை இல்லை. கொழுந்து மூவாயிரத்து இருநூறு இறாத்தல் வந்தது. ஆட்கள் குடியிருக்கிற மேட்டு லயத்தில் ஒரு பசு கன்று ஈன்றது. மூத்தவள் என்பது ஓர் இயந்திரம். ஹாலிஎலயிலிருந்து நான்கு மைல் மேலே, தோட்டத்து ஆட்கள் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலை ஆலையில், வாடிய கொழுந்தைப் போட்டு உருட்டுகிற ரோலர்கள் மூன்று இருந்தன. அவற்றில் பழையது அவள். கோப்பிச் செடிகள் நோயில் செத்துத் தேயிலை வந்த காலத்தில், வேறொரு தோட்டம் வேண்டாமென்று தள்ளியதை இரண்டு யானைகளைக் கட்டி இழுத்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வரும்போதே அவளுடைய பல்சக்கரப் பெட்டி ஒழுகிக்கொண்டுதான் வந்தது. எல்லவிலிருந்து ஊசிப்பாறை வரைக்கும் பாதையில் விழுந்த எண்ணெய்க் கோட்டில் இரண்டு வருடம் புல் முளைக்கவில்லை.

அவளுக்கு எண்ணெய் விடுகிற வேலை அழகருடையது. ஒல்லியான மனிதர், முப்பத்தைந்து வயது, காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டால்கூடத் தலையை மட்டும் ஆட்டுவார். மூத்தவளிடம் மட்டும் பேசுவார். கொழும்பிலிருந்து பண்டாரவளை வரை ரயிலிலும் அங்கிருந்து மாட்டு வண்டியிலும் வருகிற மிசின் எண்ணெயைக் காலையில் ஊற்றினால், மத்தியானத்துக்குள் அது முழுக்கத் தரையில் கிடக்கும். தண்டு நுழைகிற துவாரம் தேய்ந்து அகன்றுபோயிருந்தது; உள்ளே இருந்த தோல் வளையம் மக்கிப் பல வருடமாகிவிட்டது; புது வளையம் செய்து தர உலகத்தில் ஆள் இல்லை என்று சீமையிலிருந்து கடிதம் வந்திருந்தது. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் கதிர்காமநாதன் அந்த எண்ணெயில் மூன்று தடவை வழுக்கினார். மூன்றாம் தடவை உட்கார்ந்த வாக்கிலேயே வாசலைத் தாண்டிக் கொழுந்து நிறுக்கும் கொட்டகை வரை போய்ச் சேர்ந்தவர், வந்ததுதான் வந்தோம் என்று தராசைச் சரிபார்த்துவிட்டுத் திரும்பினார்.

அந்தச் சித்திரையில் கொழும்பிலிருந்து விசிட்டிங் ஏஜண்டு துரை வந்தார். வருடத்துக்கு இரண்டு தடவை குதிரையில் வந்து தோட்டத்தைப் பார்வையிட்டுப் போகிறவர். அவருடைய வெள்ளைக் காற்சட்டையில் மூத்தவள் ஒரு சொட்டு விட்டாள். தேயிலையிலும் இப்படித்தானே விழும் என்று அவர் கேட்டார். ஐப்பசியில் தாம் திரும்ப வரும்போது தரையில் ஒரு சொட்டு இருந்தாலும் இந்த இயந்திரத்தை உடைத்துப் பள்ளத்தில் தள்ளிவிட வேண்டும், இதைப் பார்த்துக்கொள்கிற ஆளைப் புல் வெட்டப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். புல் வெட்டுவதைப் பற்றி அழகர் கவலைப்படவில்லை. பள்ளம் என்ற சொல்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கவிடாமல் செய்தது.

பதுளைக் கடைவீதியில் பலீல் நாநாவுக்கு எண்ணெய்க் கடை இருந்தது. அழகர் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்து போய், ஓடிப்போகாத எண்ணெய் வேண்டும் என்று கேட்டார். முதலில் நல்லெண்ணெய் வாங்கி வந்தார். வெள்ளிக்கிழமை காலையில் அதை ஊற்றியதும் மூத்தவள் பத்து மணி வரை சுற்றினாள், பிறகு தூங்கிவிட்டாள். ஸ்டோரை ஓட்டுகிற தண்ணீர்ச் சக்கரம் சுற்றியது, அதிலிருந்து அவளுக்கு வருகிற வார் சுற்றியது, அவள் மட்டும் லேசான குறட்டையோடு சாயங்காலம் நான்கு மணி வரை அசையவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்களை எழுப்பக் கூடாது என்று ஸ்டோர் ஆட்களும் மெதுவாகப் பேசினார்கள். அடுத்து விளக்கெண்ணெய். தேன் மாதிரி கெட்டியாக இருந்ததால் ஒரு நாள் முழுக்க ஒழுகவில்லை, அழகர் மாரியம்மனுக்குத் தேங்காய்கூட உடைத்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் பெட்டிக்குள் இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது: எண்ணெய், 1891இல் காணாமற்போன ஒரு திருகாணி, பழைய டீமேக்கர் ஒருவரின் புகைக்குழாய், இரண்டு கைப்பிடி கோப்பிக் கொட்டை. அதற்குப் பிறகு மூன்று நாள் அவளுக்கு எதுவும் தங்கவில்லை.

"நாநா, தேங்காண்ணெ நிக்குமா?" என்று அழகர் கேட்டார்.

"நிக்குமா நிக்காதான்டு சொல்ல ஏலாது. ஆனா கெடுதல் ஒண்டும் செய்யாது. எங்கட ஊட்டுப் பொம்புளைகள் இதத்தான் வெக்கிறாங்க, முழங்கால் மட்டும் முடி," என்றார் பலீல் நாநா.

இந்தப் பேச்சின் பின்பகுதியை அழகர் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை. தேங்காய் எண்ணெய் ஊற்றிய மூன்று வாரத்தில் பெட்டியின் மூடியைச் சுற்றிப் பூனை ரோமம் போல மெல்லிசாக அரும்பியது, ஆடி பிறப்பதற்குள் தரையைத் தொட்டது. நல்ல கருமையான, சுருள் இல்லாத முடி. ஒழுக்கு மட்டும் நிற்கவில்லை. முன்பு கண்ட இடத்தில் விழுந்த எண்ணெய் இப்போது முடி நுனியில் கோத்து ஒழுங்காகச் சொட்டியது. ஆடிக் காற்று ஜன்னல் வழியாக வந்து முடியை வார்ப்பட்டையின் பக்கம் தள்ளும்போதெல்லாம் அழகர் பாய்ந்து இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொள்வார். தறித்துவிடலாம் என்று கதிர்காமநாதன் சொல்லிப் பார்த்தார். கத்தரிக்கோலைக் கிட்டே கொண்டுபோனதும் ஸ்டோரில் இருந்த மூன்று ரோலர்களும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டதால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

இதெல்லாம் நடந்தபோது அழகருடைய மனைவி கருப்பம்மா ஊரில் இல்லை. தங்கச்சியின் பிரசவத்துக்காக மொனராகலைப் பக்கம் போனவள் நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். வந்த அன்றே புருஷனின் சட்டையைத் துவைக்க எடுத்தவள், தோளில் ஒட்டியிருந்த முடி ஒன்றை இழுத்தாள். அது வந்துகொண்டே இருந்தது. தன்னுடைய முடியோடு வைத்து அளந்து பார்த்தாள். ஒன்றரை மடங்கு நீளம்.

"ஏங்க, இது யாரு முடி?"

"மூத்தவளோடது," என்றார் அழகர். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"மிசினுக்கு முடியா?"

"தேங்காண்ணெ வெச்சேன் புள்ள. வளந்துருச்சு."

"நாலு மாசம் ஊருல இல்லன்னா, பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

கருப்பம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஸ்டோரை நோக்கி நடந்தாள். சண்டை பார்க்க லயத்துப் பெண்கள் பத்துப் பேர் பின்னால் போனார்கள். உள்ளே போனவள் மூத்தவளின் முடியைக் கையில் அள்ளிப் பார்த்தாள். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகு புருஷனைத் திரும்பிப் பார்த்து, "பொம்பளப் புள்ளைய இப்பிடியா போட்டு வெப்பீங்க? சிக்கு விழுந்து கெடக்கு," என்றாள். கொண்டையிலிருந்த சீப்பை உருவிக்கொண்டு பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து வார ஆரம்பித்தாள். இருபத்து நான்கு வருடமாகக் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்த மூத்தவள் முதல் தடவையாக ஆடாமல் சுற்றினாள். பின்னி முடித்து எழுந்தபோது கருப்பம்மாவின் சேலை இடுப்பு வரை எண்ணெயில் நனைந்திருந்தது.

"என்னதான் ஊத்துறீங்க இதுக்கு?"

அழகர் எல்லாவற்றையும் சொன்னார். கடைசியாக ஆட்டுக் கொழுப்பை உருக்கி ஊற்றிப் பார்த்ததையும் சொன்னார். அது ஒழுகாமல் சுவர் மாதிரி நின்றது. ஆனால் பல்சக்கரம் அதற்குள் ஒரு வாய்க்கால் தோண்டிக்கொண்டு, அந்த வாய்க்காலுக்குள் வறட்சியாகச் சுற்றி, பதுளை வரை கேட்கிற மாதிரி அலறியது. அதையும் வழித்து எடுக்க வேண்டியதாயிற்று. கருப்பம்மா மூடியைத் திறக்கச் சொல்லி, பல்லும் பல்லும் கடித்துச் சுற்றுவதைப் பார்த்தாள்.

"இது கூழுங்க," என்றாள். "தண்ணியாக் கிண்டுனா சட்டியில இருந்து ஓடிரும். கெட்டியாக் கிண்டுனா அகப்ப போன எடம் குழியாவே நிக்கும். அகப்ப போன பின்னாடி மெதுவா வந்து மூடணும். தொரை வர எத்தன நாளு இருக்கு?"

"பதினெட்டு."

லயத்து வாசலில் மூன்று கல் வைத்து, பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க அவள் கிண்டினாள். ஆட்டுக் கொழுப்பை உருக்கி, வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டுக் கொதிக்கவைத்தாள். அடுப்பிலிருந்து இறக்கி, கொழும்பு எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தாள். அகப்பையால் ஒரு கோடு இழுத்து, நிதானமாக ஒரு தடவை "முருகா" என்பாள். சொல்லி முடிப்பதற்குள் கோடு மறைந்தால் தண்ணீர். சொல்லி முடித்தும் மறையாவிட்டால் கட்டி. பதினோரு சட்டி வீணாயிற்று. அழகர் ஒவ்வொரு சட்டிக்கும் கொழுப்பு வாங்கப் பதுளைக்கும் ஊசிப்பாறைக்கும் நடந்ததில் செருப்பு தேய்ந்து, பிறகு செருப்பில்லாமல் நடந்தார். பன்னிரண்டாவது சட்டியில், முருகாவின் கடைசி எழுத்தோடு கோடும் சரியாக மூடியது. 

பெட்டி நிறைய ஊற்றப் போன புருஷனின் கையைக் கருப்பம்மா பிடித்துக்கொண்டாள். "பாதிப் பல்லு முங்குனாப் போதும். வயிறு முட்டக் குடுத்தா எதுதாங்க ஒழுகாது?"

அழகர் மூத்தவளுக்குக் கீழே தன்னுடைய வெள்ளை வேட்டியை விரித்தார். மூன்று நாள் கழித்து அதையே உதறிக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனார். அவ்வளவு சுத்தமாக இருந்தது. சந்தோஷத்தை விட அவருக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஒழுகாத மூத்தவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் இரண்டு நாள் சும்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். புது எண்ணெயில் ஒரேயொரு விஷயம் இருந்தது: காலையில் வார் மாட்டி ஓடவிட்டதும் மூத்தவள் ஒரு தடவை "மே" என்று கத்துவாள். ஆட்டுக் கொழுப்பு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். கதிர்காமநாதன் மட்டும் துரை வருகிற அன்றைக்காவது கத்தாமல் இருக்கப் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டார்.

பிள்ளையார் கேட்கவில்லை. ஐப்பசி ஆறாம் தேதி காலை துரை உள்ளே நுழையும்போது மூத்தவள் மே என்றாள். துரை திரும்பினார். கருப்பம்மா பின்னி, துலுக்கச்சாமந்தி வைத்துவிட்டிருந்த ஜடை தரை வரை தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் உச்சியிலிருந்து நுனி வரை பார்த்தார்.  துரை முழங்காலிட்டு, வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துப் பெட்டிக்குக் கீழே நன்றாகத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எண்ணெய் ஒழுகுதா?"

"இல்லீங்க தொரை."

"ஒரு சொட்டு?"

"ஒரு சொட்டும் இல்லீங்க."

துரை புத்தகத்தில் ஏதோ எழுதினார். எழுதிவிட்டு, ஜடையைப் பென்சிலால் காட்டி, "இதில பேன் இருக்கா? தேயிலையில விழும்," என்றார்.

அழகர் வாயைத் திறப்பதற்குள் கருப்பம்மா முன்னால் வந்தாள். "எங்க புள்ள தலையில பேனா? தெனம் காலையில வாரி விடுறேனுங்க."

"நல்லது," என்று சொல்லிவிட்டுத் துரை கொழுந்து வாடப்போடுகிற மேல்மாடிக்கு ஏறிப் போனார்.

அடுத்த மாதத்திலிருந்து கருப்பம்மாவுக்குக் கொழுந்தெடுக்கிற வேலை இல்லை. ஸ்டோர் ஆள் என்று பெயர் பதிந்தார்கள். தினமும் காலையில் அரை மணி நேரம் ஜடை பின்னுவாள், மாதம் ஒரு சட்டி எண்ணெய் கிண்டுவாள். மழைக்காலத்துக்குக் கொஞ்சம் இளக்கமாகவும் வெயில் காலத்துக்குக் கொஞ்சம் இறுக்கமாகவும் கிண்ட வேண்டும் என்பதை இரண்டாம் வருடம் கண்டுபிடித்தாள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஒழுகுகிற பெட்டிக்காரர்கள் சட்டியோடு வந்தார்கள். உலகச் சண்டை வந்து போயிற்று, விஷக்காய்ச்சல் வந்து போயிற்று, பதுளைக்கு ரயில் வந்தது. மூத்தவளின் முடி மட்டும் அதற்கு மேல் வளரவுமில்லை, கொட்டவுமில்லை.

1926 தை மாதம் ஒரு காலையில், ஜடை பின்னிக்கொண்டிருந்த கருப்பம்மா கையை நிறுத்திப் புருஷனைக் கூப்பிட்டாள். காதோரம் என்று சொல்லத்தக்க இடத்தில் மூன்று நரை தெரிந்தது. அழகர் குனிந்து பார்த்தார். மறுநாள் கொழுந்து சுமந்து வந்தவர்கள், யாரும் சொல்லாமலே, மூத்தவளுக்கு ஒரு கூடை குறைத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு எப்போதும் அந்த அளவுதான்.